இன்ஸ்டால்.விம் கண்முன்னே இருக்கிறது, செட்டப் "இல்லை" என்கிறது (20 சிஸ்டம், உதவி தேவை)

அரவேணு_லேப்
திங்கள், இரவு 8:50

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. 20 சிஸ்டம், மூன்று தவணையில் வாங்கியவை என்பதால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்டோஸ் போட்டு, தமிழ் விசைப்பலகை, லிப்ரே ஆபீஸ், தட்டச்சுப் பயிற்சி எல்லாம் ஏற்றினால் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். அதனால் ஒரு மாஸ்டர் சிஸ்டம் தயார் செய்து, சிஸ்பிரெப் (வேறு சிஸ்டத்திலும் போடத் தோதாக விண்டோஸைப் பொதுவாக்கும் கருவி) ஓட்டி, டிஸ்ம் (விண்டோஸின் இமேஜ் கருவி) வைத்து இமேஜ், அதாவது முழு சிஸ்டத்தின் நகலை ஒரே கோப்பாக, எடுத்தேன். 5.8 ஜிபி வந்தது. அதற்கு, செட்டப் தேடும் விண்டோஸ் கோப்பின் பெயரான இன்ஸ்டால்.விம் என்றே பெயர் வைத்து, விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவைப் பிரித்துப் போட்ட ஃபோல்டரில் சோர்சஸ் உள்ளே பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தேன். பிறகு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) ஒன்று எழுதி எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு நகலெடுத்தேன். கூடவே ஆட்டோஅன்அட்டெண்ட் விடைக் கோப்பும் வைத்திருக்கிறேன், யாரும் மொழி, விசைப்பலகை என்று கிளிக் செய்துகொண்டு உட்கார வேண்டாம் என்று.

பூட் ஆகிறது, ஊதா திரை வருகிறது. ஒரு நிமிடத்தில் இன்ஸ்டால்.விம் கிடைக்கவில்லை, நிறுவலுக்குத் தேவையான கோப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கவும் என்று நிற்கிறது. மூன்று சிஸ்டத்தில் பார்த்துவிட்டேன், மூன்றிலும் அதேதான். கோப்பு இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்: ஐஎஸ்ஓவை மறுபடி டவுன்லோடு செய்யச் சொல்லாதீர்கள். போன வாரம் மரம் விழுந்து கேபிள் அறுந்ததிலிருந்து இங்கே நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது.


கீழ்நாட்டு_அட்மின்
திங்கள், இரவு 9:15

ப்ரோ, ஐஎஸ்ஓ கரப்ட். மறுபடி டவுன்லோடு செய்யுங்கள்.


அரவேணு_லேப்
திங்கள், இரவு 9:18

கடைசிப் பத்தியைப் படித்தீர்களா? ப்ரோவும் இல்லை நான்.


கீழ்நாட்டு_அட்மின்
திங்கள், இரவு 9:20

மன்னிக்கவும் மேடம். பஸ்ஸில் இருந்தபடி போனில் படித்தேன். வீட்டுக்குப் போய் ஒழுங்காகப் பார்க்கிறேன்.


குன்னூர்_பட்டறை
திங்கள், இரவு 10:05

மேடம், உங்கள் படத்தில் கோப்பைப் பார்க்காமல் மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். டி டிரைவில் "வொர்க்" என்ற ஃபோல்டர். அது உங்கள் மாஸ்டர் சிஸ்டத்தின் ஹார்ட் டிஸ்க். கோப்பு அங்கே இருக்கிறது, சரி. செட்டப் அங்கே தேடவில்லையே, பென் டிரைவில் அல்லவா தேடுகிறது.

பென் டிரைவ் எந்த ஃபார்மேட்? ஃபேட்32 என்றால் விஷயம் முடிந்தது. ஃபேட்32இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத்தான் இருக்க முடியும். 64 ஜிபி பென் டிரைவ் காலியாகக் கிடந்தாலும் 5.8 ஜிபி கோப்பு உள்ளே போகாது. மவுஸால் இழுத்துப் போட்டிருந்தால் விண்டோஸே முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்கும். பேட்ச் ஃபைலில் போட்டதால் அந்த வரி கறுப்புத் திரையில் ஓடிப் போயிருக்கும், திரையும் மூடிக்கொண்டிருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நேரில் பாருங்கள். பிழை வந்து நிற்கும்போது ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்துங்கள் (லேப்டாப் என்றால் எஃப்என் விசையும் சேர்த்து). கறுப்புத் திரை வரும். அதில் நோட்பேட் என்று அடித்து என்டர். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே "எல்லாக் கோப்புகளும்" என்று மாற்றிக்கொண்டால் அதுவே உங்களுக்கு எக்ஸ்ப்ளோரர் மாதிரி. பென் டிரைவின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். எக்ஸ் என்று ஒரு டிரைவ் தெரியும், அது ரேமில் ஓடும் விண்டோஸ் பிஇ (செட்டப்புக்காக எழும் சின்ன விண்டோஸ்). அதைப் பென் டிரைவ் என்று நினைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.


அரவேணு_லேப்
செவ்வாய், காலை 9:40

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். சோர்சஸ் உள்ளே பூட்.விம் இருக்கிறது, இன்ஸ்டால்.விம் இல்லவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரமாகத் தவறான ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டு "இருக்கிறதே, இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பென் டிரைவை என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் ஆக்கிவிட்டால் போதுமா?


குன்னூர்_பட்டறை
செவ்வாய், காலை 10:10

வெட்கப்பட ஒன்றும் இல்லை, முதல் தடவை எனக்கும் இதேதான்.

என்டிஎஃப்எஸ் ஆக்கினால் கோப்பு போகும், ஆனால் நிறைய மதர்போர்டுகளின் யுஇஎஃப்ஐ (பூட்டைத் தொடங்கும் உள்மென்பொருள்) என்டிஎஃப்எஸ் பென் டிரைவிலிருந்து நேரடியாகப் பூட் ஆகாது. ரூஃபஸ் மென்பொருள் இதற்கென்று சின்னதாக ஒரு பூட் பகுதி சேர்த்துத் தருகிறது, அதுவும் ஒரு வழி. உங்களுக்கு மூன்று வகை மெஷின் இருப்பதால் ஃபேட்32ஐ விடாமல் இமேஜை உடைப்பதுதான் நிம்மதி.

டிஸ்மில் ஸ்ப்ளிட்-இமேஜ் என்று ஒரு கட்டளை. மூலக் கோப்பு உங்கள் இன்ஸ்டால்.விம், வெளியே வர வேண்டியது இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம், ஃபைல்சைஸ் 3800 (மெகாபைட் கணக்கு). உங்கள் 5.8 ஜிபிக்கு இரண்டு துண்டு வரும்: இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம், இன்ஸ்டால்2.எஸ்டபிள்யூஎம். இரண்டையும் சோர்சஸ் உள்ளே வையுங்கள். பெயரை மாற்றாதீர்கள். செட்டப் தானாகவே சேர்த்துப் படித்துக்கொள்ளும்.


பெங்குவின்_கேத்தி
செவ்வாய், மதியம் 1:30

குறுக்கே வருகிறேன். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு அதையே 20 சிஸ்டத்திலும் ஏன் போட வேண்டும்? சி-டாக் சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் இருக்கிறது, டெபியன் இருக்கிறது. தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது. ஒரு சிஸ்டத்தைத் தயார் செய்து குளோன்சில்லா (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் மென்பொருள்) போட்டால் விம்மும் இல்லை, வம்பும் இல்லை.


அரவேணு_லேப்
செவ்வாய், மதியம் 1:50

ஆசைதான். 11 போடலாம் என்றால் பாதி சிஸ்டத்தில் அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு, டிபிஎம் 2.0, கிடையாது. லினக்ஸ் என்றால், பிள்ளைகளின் தட்டச்சுத் தேர்வுக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆய்வகத்தில் நெட் இணைப்பு ஆசிரியர் சிஸ்டத்துக்கு மட்டும்தான், அது வேறு. அடுத்த வருடம் ஐந்து சிஸ்டத்தில் டெபியன் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், அப்போது உங்களைத்தான் கூப்பிடுவேன்.


பெங்குவின்_கேத்தி
செவ்வாய், மதியம் 2:05

சரி, நியாயம். ஆனால் லினக்ஸிலும் இதே தலைவலி வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும் என்று சொல்லிவைக்கிறேன். முன்பெல்லாம் டெபியன் நிறுவும்போது வைஃபை கார்டின் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, வேறு பென் டிரைவில் போட்டுக் கொடு என்று கேட்கும். 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து அந்தக் கோப்புகள் நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன.


கூடலூர்_மழை
செவ்வாய், மாலை 6:20

அண்ணா எனக்கும் இதே பிழை!! நண்பனின் புது லேப்டாப், 11ஆம் தலைமுறை இன்டெல். பென் டிரைவ் பூட் ஆகிறது, எங்கே நிறுவ வேண்டும் என்கிற இடத்தில் ஒரு டிஸ்க்கும் காட்டவில்லை, டிரைவரைக் கொடு என்கிறது. இமேஜை உடைத்தும் பார்த்தேன், சரியாகவில்லை.


குன்னூர்_பட்டறை
செவ்வாய், இரவு 8:30

தம்பி, இது அதே பிழை இல்லை. மேடத்துக்கு நெல் மூட்டை வரவில்லை, உனக்கு மூட்டையை இறக்க வீட்டுக் கதவே தெரியவில்லை. இமேஜை எத்தனை துண்டாக உடைத்தாலும் பயன் இல்லை.

11ஆம் தலைமுறையிலிருந்து நிறைய லேப்டாப்பில் விஎம்டி என்று இன்டெல்லின் டிஸ்க் கட்டுப்பாட்டு வசதி ஒன்றைப் போட்டே அனுப்புகிறார்கள். எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விண்டோஸ் 10 செட்டப்பில் அதற்கான டிரைவர் கிடையாது. லேப்டாப் கம்பெனி தளத்தில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடு. இஎக்ஸ்இ கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் செட்டப்புக்குத் தெரியாது. அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஃபோல்டராகப் போட வேண்டும். பிறகு லோட் டிரைவர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டு. டிஸ்க் வந்து நிற்கும்.

நிறைய லேப்டாப்புக்குப் போட வேண்டும் என்றால் டிஸ்மின் ஆட்-டிரைவர் வைத்து இமேஜிலேயே சேர்த்துவிடலாம். பூட்.விம்மில் இரண்டு இமேஜ் உண்டு, செட்டப் ஓடுவது இரண்டாவது, அதில் சேர்க்க வேண்டும். இன்ஸ்டால்.விம்மிலும் சேர்த்துவிடு. இல்லாவிட்டால் நிறுவல் முடிந்து முதல் பூட்டில் நீலத்திரை பார்க்க நேரலாம். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் அப்படிச் செய்தால் அந்த விண்டோஸ் எழுந்திருக்காது, பார்த்துச் செய்.


மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 8:45

கூடலூர்_மழை, லேப்டாப் விஷயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஆய்வகம் மட்டும்.


அரவேணு_லேப்
புதன், பிற்பகல் 3:15

உடைத்தேன், இரண்டு துண்டும் பென் டிரைவில் இருக்கின்றன. இந்த முறை பென் டிரைவில்தான் பார்த்தேன். விடைக் கோப்பிலும் பாதையை இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் என்று மாற்றினேன். ஆனாலும் நிற்கிறது. இப்போது விடைக் கோப்பு சொல்லும் இமேஜ் கிடைக்கவில்லை என்கிற பாணியில் ஏதோ வருகிறது. கோப்பு நிஜமாகவே இருக்கிறது, சத்தியமாக.


கீழ்நாட்டு_அட்மின்
புதன், பிற்பகல் 3:40

இதற்கு நான் பதில் சொல்கிறேன், திங்கட்கிழமை கடனைக் கழிக்க.

மேடம், விடைக் கோப்பு நீங்களே எழுதியதா, நெட்டில் எடுத்ததா? நெட்டில் கிடைப்பதில் பெரும்பாலும் இமேஜ் இண்டெக்ஸ் (கோப்புக்குள் எத்தனையாவது இமேஜ் என்ற எண்) 6 என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் பொது ஐஎஸ்ஓவில் ஹோம், எஜுகேஷன் எல்லாம் வரிசையாக வந்து புரோ 6ஆவதாக இருக்கும். நீங்கள் மாஸ்டரிலிருந்து எடுத்த விம்மில் இருப்பது ஒரே ஒரு இமேஜ், அதன் இண்டெக்ஸ் 1. ஆறாவது வீட்டைத் தட்டுகிறீர்கள், தெருவில் இருப்பதே ஒரு வீடு. டிஸ்மின் கெட்-இமேஜ்இன்ஃபோ ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். பெயர் வைத்துத் தேடச் சொல்லியிருந்தாலும் இதே கதை, இமேஜ் எடுக்கும்போது நீங்கள் கொடுத்த பெயர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும்.

செட்டப் எழுதும் லாக்கையும் பாருங்கள். எக்ஸ் டிரைவில் விண்டோஸ், அதற்குள் பேந்தர் என்ற ஃபோல்டர். அதில் செட்டப்ஆக்ட், செட்டப்எர் என்று இரண்டு லாக். எதைத் தேடியது, எங்கே தேடியது என்று கடைசி இருபது வரிக்குள் இருக்கும். திரையில் வரும் செய்தியைவிட அது நம்பகமானது.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் உரிம விதிமுறைகள் கிடைக்கவில்லை என்று ஒரு பிழை வரும். அதற்கும் யாரும் கோப்பைத் தொலைக்கவில்லை. பெரும்பாலும் விடைக் கோப்பில் உள்ள சாவி ஒரு பதிப்புக்கு, இமேஜ் இன்னொரு பதிப்புக்கு என்று இருக்கும், அல்லது சோர்சஸில் உள்ள ஈஐ.சிஎஃப்ஜி (பதிப்பைக் குறிக்கும் கோப்பு) இடிக்கும்.


அரவேணு_லேப்
புதன், மாலை 5:50

6தான்! 1 ஆக்கினேன். ஓடுகிறது!! அழுகை வந்துவிட்டது, நிஜமாக. வாட்ச்மேன் அண்ணன் கதவைப் பூட்ட வந்து நின்றவர், "என்னம்மா, கரண்ட் போயிருச்சா" என்று கேட்கிறார்.

நாளை எல்லாவற்றையும் போட்டுவிட்டு எழுதுகிறேன்.


அரவேணு_லேப்
வியாழன், மதியம் 12:30

காலையிலிருந்து போட்ட கணக்கு: 13 சிஸ்டம் முடிந்தது. ஐந்தில் மறுபடியும் முதல் நாள் பிழை, கோப்பு கிடைக்கவில்லை. அதே பென் டிரைவ், அதே கோப்பு! இன்னும் இரண்டில் வேறு மாதிரி: நிறுவல் தொடங்கி, பாதி வழியில் 80070570 என்று ஒரு எண் காட்டி நிற்கிறது. ஏழு சிஸ்டமும் ஒரே மேசை வரிசையில் இருப்பவை. பேய் பிடித்த வரிசை என்று பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்.


குன்னூர்_பட்டறை
வியாழன், மதியம் 1:15

ஐந்தையும் இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், முதலில் ஐந்து.

விடைக் கோப்பில் பாதை எப்படி இருக்கிறது? டி டிரைவ், சோர்சஸ், இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் என்றா?


அரவேணு_லேப்
வியாழன், மதியம் 1:20

ஆமாம் அண்ணா.


குன்னூர்_பட்டறை
வியாழன், மதியம் 1:35

அந்த ஐந்திலும் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பார்டிஷன் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பிஇ எழுந்தவுடன் டிஸ்க்குக்கு எழுத்து கொடுக்கும்: முதல் பார்டிஷன் சி, இரண்டாவது டி. உங்கள் பென் டிரைவுக்குக் கிடைப்பது ஈ. செட்டப் நீங்கள் சொன்னபடியே டியில் போய்ப் பார்க்கிறது, அங்கே பழைய மாணவர்களின் பவர்பாயிண்ட் கிடக்கிறது. மற்ற 13இல் ஒரே பார்டிஷன், அதனால் டி என்பது பென் டிரைவாக அமைந்துவிட்டது. அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் போய் லிஸ்ட் வால்யூம் கொடுத்துப் பாருங்கள். பிறகு விடைக் கோப்பில் அந்தப் பாதை வரியையே எடுத்துவிடுங்கள், இண்டெக்ஸ் 1 மட்டும் இருக்கட்டும். பாதை சொல்லாவிட்டால் செட்டப் தான் கிளம்பி வந்த சோர்சஸ் ஃபோல்டரிலேயே தேடிக்கொள்ளும்.


அரவேணு_லேப்
வியாழன், பிற்பகல் 3:05

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். வால்யூம் டியின் பெயர் "மார்க்‌ஷீட் 2019". பாதையை எடுத்தவுடன் ஐந்தும் ஓடுகின்றன. 18 ஆச்சு.


கீழ்நாட்டு_அட்மின்
வியாழன், மாலை 4:30

மீதி இரண்டுக்கு: 80070570 என்பதில் கடைசி 570ஐப் பதினாறடிமானத்திலிருந்து மாற்றினால் 1392. கறுப்புத் திரையில் நெட் ஹெல்ப்மெஸேஜ் 1392 என்று அடித்தால் விண்டோஸே சொல்லும்: கோப்போ கோப்புறையோ சேதம், படிக்க முடியவில்லை. 2 என்றால் கோப்பே இல்லை, 3 என்றால் பாதை இல்லை. ஆகவே இது "இல்லை" வகை அல்ல, "கெட்டுப்போயிருக்கிறது" வகை. பென் டிரைவை ஃபார்மேட் செய்து மறுபடி நகலெடுங்கள். மலிவுப் பென் டிரைவாகவும் இருக்கலாம். 64 என்று போட்டு உள்ளே 8தான் இருக்கும் சரக்கு ஒன்று என்னிடமே இருக்கிறது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை ஓட்டினால் சாயம் வெளுத்துவிடும்.


குன்னூர்_பட்டறை
வியாழன், மாலை 5:00

எண் விளக்கம் அருமை, எனக்கே புதுசு. மருந்தில் மட்டும் உடன்பாடில்லை. அதே பென் டிரைவ் 18 மெஷினில் முழுசாகப் படித்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டியது அந்த இரண்டு மெஷினை.

மேடம், முதலில் பென் டிரைவைப் பின்பக்க யுஎஸ்பியில் செருகிப் பாருங்கள், முன்பக்கத்து ஒயர் சில சமயம் சதி செய்யும். அதிலும் நின்றால் ரேம். இமேஜை விரிக்கும்போது எல்லாம் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டாலும் சரிபார்ப்பு ஒத்துப்போகாது, செட்டப் பழியைக் கோப்பின் மேல் போட்டுவிடும்.

அந்த வரிசை சன்னல் ஓரமா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமான மழை. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் சன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும். தீபாவளி விடுமுறைக்கு ஒரு வாரம் பூட்டிப்போட்ட சிஸ்டத்தில் ரேம் முனையில் படலம் பிடித்துவிடும். நவம்பர் வந்தால் என் பட்டறைக்கு வருவதில் பாதி இதுதான்.

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் நீளவாக்கில் இல்லாமல் மேலிருந்து கீழாக மெதுவாகத் தேயுங்கள். துணுக்குகளைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள். பேனா மை அழிக்கும் நீல ரப்பர் வேண்டாம், அது சொரசொரப்பு, பூச்சையே எடுத்துவிடும். பிறகு மெம்டெஸ்ட்86+ (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஒரு இரவு ஓடட்டும்.


அரவேணு_லேப்
வெள்ளி, காலை 10:20

சன்னல் ஓரமேதான். கண்ணாடி ஒன்று உடைந்து அட்டை ஒட்டி வைத்திருக்கிறோம்.

பின்பக்க யுஎஸ்பியிலும் அதே எண். ரப்பர் வைத்தியம் செய்தேன், ரப்பரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ஒரு சிஸ்டத்தில் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடி ஒரு பிழையும் இல்லை. காலையில் இமேஜ் போட்டேன், முடிந்துவிட்டது. 19.

இன்னொன்றில் மெம்டெஸ்ட் தொடங்கி ஐந்து நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு. நல்ல சிஸ்டத்தின் ரேமை அதில் மாட்டினாலும் சிவப்பு. இதன் ரேமை நல்ல சிஸ்டத்தில் மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது.


குன்னூர்_பட்டறை
வெள்ளி, காலை 10:40

அப்படியென்றால் ரேம் குற்றவாளி இல்லை, அது உட்காரும் இடம்தான். கேபினெட்டோடு அனுப்புங்கள், பார்க்கிறேன். கட்டபெட்டு வழி பஸ்ஸில் யாராவது வந்தால் கொடுத்துவிடச் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.


கூடலூர்_மழை
வெள்ளி, மதியம் 2:10

மட்டுறுத்துநர் மன்னிக்கவும், ஒரே வரி: ஐஎன்எஃப் ஃபோல்டர் காட்டியதும் டிஸ்க் வந்துவிட்டது. நன்றி அண்ணா.


குன்னூர்_பட்டறை
சனி, மாலை 4:15

மேடம், 20ஆவது இப்போது என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் ரேம் ஸ்லாட்டின் ஓரத்தில் நாலைந்து பின்னில் பச்சைக் களிம்பு. சன்னல் பக்கத்து காற்றோட்ட ஓட்டை வழியாகச் சாரல் நேராக அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. ஸ்பிரே அடித்துத் துடைத்தும் அந்த ஸ்லாட் தேறவில்லை. ரேமை இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன், மெம்டெஸ்ட் சுத்தம். உங்கள் பென் டிரைவையும் கூடவே அனுப்பியிருந்ததால் இமேஜையும் போட்டுவிட்டேன், 14 நிமிடம்.

திங்கள் காலை வண்டியில் அனுப்புகிறேன். கூலி வேண்டாம், அந்தச் சன்னல் கண்ணாடியைப் போட்டுவிட்டு இங்கே படம் போடுங்கள். மேலே முகவரிப் பட்டை தெரிகிற மாதிரி.